வயலும் வேண்டும், பட்டியும் வேண்டும்

ஐப்பசி மழை தொடங்கியதும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வட்டைகளிற் பெரும்போக விதைப்பு மும்முரமாகும். விதைத்த வயலில் மாடு இறங்கலாகாது. ஆதலின் பட்டிகளைத் தூரத்து மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். அறுவடை முடிந்தபின் அவை திரும்பிவந்து தாளை மேயும்; அவற்றின் சாணம் அடுத்த போகத்துக்கு எருவாகும். வயலும் பட்டியும் ஒன்றையொன்று வாழ்விக்கும் முறை இதுவே.

நம் இராவுணவின் எளிமையும் இதனாலேயே அமைந்தது. எருமைப் பாலைச் சிறுதீயில் நெடுநேரம் காய்ச்சி, இளஞ்சூட்டில் மண்சட்டியில் வார்த்து உறையிட்டால், சட்டியின் நுண்டுளைகள் நீரை உறிஞ்ச, விடியுமுன் தயிர் கட்டியாகிவிடும். அன்றிரவுச் சோற்றுக்கு வேறு கறி தேடவேண்டுவதில்லை.

ஆனால், புல்லின்றேல் பாலேது? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகள் பயிர்ச்செய்கைக்காகப் பிடிக்கப்படுகின்றன என முறையிட்டு, பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினர். அதனைப் பட்டிக்காரரின் வழக்கு மட்டுமென எண்ணலாகாது. மேய இடமற்ற மாடு விளையும் வயலிலேயே இறங்கும், அயலவர் பகைவராவர். மாடு அருகினால் வயலின் எருவும் அருகும்.

தயிர்ச்சட்டியைத் திறக்கும்போது நம் பிள்ளைகளுக்கு இதனையும் சொல்லிவைப்போம்.