யார் கூற்று?

தில்லியில் அண்மையில் ஓர் ஆய்வுத்தலைப்புக் கூட்டம். மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டுகளின் தீய பாத்திரங்களைப் பற்றி இரசிகர்கள் எவ்வாறு பேசுகிறார்கள் என்பதை ஆராய விரும்பினார் ஒரு மாணவி. “இதில் மொழியியல் எங்கே?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டார், அவை சிரித்தது. மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டார். நானும் அவையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்.

மொழியியல் அந்த மேசையிலேயே இருக்கிறது. ஆடுபவர் “கதவைத் திறக்கிறேன்” என்கிறார். அடுத்த நொடியே தம் பாத்திரத்தைச் சுட்டி “உள்ளே பார்க்கிறாள்” என்கிறார். ஒரே பாத்திரம் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாறுகிறது. எப்போது, எதற்காக மாறுகிறது என்பது சுட்டுப்பொருள் பற்றிய மெய்யான வினா.

இரசிகர்களின் ஈடுபாடும் அற்பமானதன்று. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காக டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ 1983இல் வெளிவந்தது. அதில் வரும் குருதி குடிக்கும் பிரபு ஸ்ட்ராட். அவனுடைய நோக்கம் என்ன என்பதைச் சீட்டெடுத்தே முடிவு செய்ய வேண்டும். எனவே மேசைக்கு மேசை அவன் வேறுபடுகிறான். 2016இலும் அவனை மையமாக்கிப் புதிய நூல் வந்தது. அவனுடையது காதலா, உடைமை வெறியா என்று இரசிகர்கள் வாதிடும்போது, ஆசிரியர் விட்ட இடைவெளியைச் சான்று காட்டி நிரப்புகிறார்கள். இதற்குப் பெயர் பொருள்கோடல்.

இது நமக்குப் புதிதா? 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி தெளிவாக்காமலே விட்டார். கற்பனைப் பாத்திரமான நந்தினி குற்றவாளியா, வஞ்சிக்கப்பட்டவளா என்று இன்றும் பேசுகிறோம். கதை முடிந்ததும் பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு விடை சொல்லவே கல்கி ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. அந்தக் கேள்விகளை நாம் வாசக ஏற்பு என்று மதிக்கிறோம். மாணவியின் தரவை மட்டும் பொழுதுபோக்கு என்கிறோம்.

இன்னும் பின்னே செல்வோம். அகப்பாட்டில் பேசுபவர் பெயர் இல்லை. தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரிடம், எந்தச் சூழலில் என்று வகுத்தவர்கள் பின்வந்தோரே. அவர்களும் எல்லா இடத்திலும் ஒன்றுபடவில்லை. “இங்கே பேசுவது யார்?” என்னும் அதே வினாவைத்தான் விளையாட்டு மேசையும் கேட்கிறது. உரையாசிரியரும் இரசிகரும் ஒருவரே என்று நான் சொல்லவில்லை. உரையாசிரியருக்கு இலக்கண மரபின் கட்டுப்பாடு உண்டு. இரசிகருக்கு உள்ள கட்டுப்பாடு எது என்பதைக் கண்டறிவதே அம்மாணவியின் ஆய்வாக இருந்திருக்கும்.

இரசிகர்கள் கொடுமையை அழகாக்குகிறார்கள், நந்தினியை வரலாறென்றே நம்பிவிடுகிறார்கள் என்பர். உண்மைதான். ஆனால் அது ஆராய்வதற்குரிய காரணம். விலக்குவதற்குரிய காரணம் அன்று.

பேராசிரியர்களே, தரவு எங்கே, முறை என்ன, பதிவுக்கு ஆடுபவர்களின் இசைவு உண்டா என்று கேளுங்கள். விடை போதவில்லையெனில் மறுத்துவிடுங்கள். சிரித்து மறுக்காதீர்கள். அந்த மாணவிக்கு ஒன்று: தலைப்பை மீண்டும் கொண்டுவாருங்கள். இம்முறை நான் பேசுவேன்.