பாசிக்கும் துப்பட்டா!

மே மாத மத்தியானத்தில் பாண்டி பஜார் சிக்னலில் ஸ்கூட்டியில் நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முகம் முழுக்க துப்பட்டா, கூலிங் கிளாஸ், முழங்கைவரை காட்டன் கிளவுஸ். இப்படி ஒரு துப்பட்டா துருவக் கடலில் வாழும் பாசிக்கும் உண்டு. பனிக்கட்டியின்மேல் விழுந்து கிடக்கும் வெண்பனிதான் அது.

கடல் நீர் உறையும்போது உப்பு ஐஸோடு சேராது. உப்புநீராகப் பிரிந்து, ஐஸுக்குள் மெல்லிய சந்துகளில் தங்கிவிடும். அந்தச் சந்துகளிலும் ஐஸின் அடிப்புறத்திலும்தான் இந்தப் பாசிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் டயாட்டம் வகை. ஐஸைப் புரட்டினால் காபி டிக்காஷன் கொட்டியதுபோல அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும்!

மேலே வெண்பனி கனமாக இருந்தால், விழுகிற வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குகூட கீழே எட்டாது. அந்தக் கொஞ்சத்தை வைத்தே குடித்தனம் நடத்தப் பழகியவை இவை. திடீரென வெண்பனி உருகினால்தான் ஆபத்து. இருட்டறையில் இருந்தவரை உச்சி வெயிலில் நிறுத்தியது மாதிரி, உணவு தயாரிக்கும் உறுப்புகளே பழுதாகின்றன. கூடவே வரும் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது.

பாசி சும்மா இருப்பதில்லை. மைக்கோஸ்போரின் போன்ற அமினோ அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் இவை, நாம் பூசும் சன் ஸ்கிரீன் செய்கிற வேலையைத்தான் செய்கின்றன. ஆனால், தயாரிக்க அவகாசம் வேண்டுமே!

தென் துருவத்தில் இன்னொரு தொல்லை. அங்கே ஓசோன் ஓட்டை இருப்பது 1985-ல் வெளியானது. செப்டம்பர், அக்டோபரில், நீண்ட இருட்டு முடிந்து சூரியன் திரும்பும் நேரத்தில்தான் அது பெரிதாகிறது. பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த சி.எஃப்.சி. வாயுதான் முக்கியக் காரணம். 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்குக் கடிவாளம் போட்டது. உலக நாடுகள் ஒன்றுகூடி உருப்படியாகச் செய்த வேலைகளில் இது ஒன்று.

வட துருவத்தில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'இண்டார்க்' கருவித்தொகுதி, 2014 ஜூலையில் நார்வேயின் காங்ஸ்ஃபியார்டன் கடலுக்குள் இறக்கப்பட்டது. நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் அளக்கும் கருவிகள் அதில் இருந்தன. மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கும் அந்தக் கடலில், 2006-க்குப் பிறகு பல குளிர்காலங்களில் பழையபடி ஐஸ் பிடிப்பதில்லை.

ஐஸ் குறைந்தால் பாசிக்கு வீடும் இல்லை, துப்பட்டாவும் இல்லை. வசந்தத்தில் அங்கே முதலில் கிடைக்கும் சாப்பாடே இந்தப் பாசிதான். கோப்பிபாடு என்ற குட்டி உயிரினம் அதைத் தின்கிறது, அதை மீன், மீனை சீல், சீலைப் பனிக்கரடி. கோப்பிபாடு முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் பாசி வளரும் பருவத்தை ஒட்டியே நடக்கும். ஐஸ் சீக்கிரமே உருகி, பாசியும் முன்னதாகவே வளர்ந்து முடிந்துவிட்டால், குஞ்சுகளின் கதி கடைசிப் பந்தியும் எழுந்தபின் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த விருந்தாளியின் கதிதான்.