கணக்கு டீச்சர் போஸ்டிங் வரட்டும், அதுவரைக்கும் நாம என்ன செய்யப் போறோம்?



52-ல் 27 போனால் எத்தனை? ஜலகண்டாபுரம் பக்கம் நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள் சிலரிடம் இதை நோட்டில் போடச் சொல்லிப் பாருங்கள். யாராவது 35 என்று எழுதினால் திட்டாதீங்க.

7-ல் 2 போனால் 5, 5-ல் 2 போனால் 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கணும் என்று சொல்லிக் கொடுத்ததை அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் செய்திருக்கு. 52-ல் இருக்கிற 5 என்பது அஞ்சு பத்து என்று மட்டும் புரியவில்லை. ரெண்டாம் வகுப்பில் விட்ட இந்த இடத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஒன்பதாவதில் அல்ஜீப்ரா வரும்போது "எனக்குக் கணக்கு வராதுண்ணா" என்று முடித்துக்கொள்ளும்.

யார் கண்டுபிடிப்பது? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர். வகுப்போ அஞ்சு. ஒருத்தர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கு அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஆள். வீட்டிலோ, பாவு கணக்கையும் கூலிக் கணக்கையும் வாயிலேயே போடுகிற நம்ம தறிக்கார அம்மாக்களுக்கே பள்ளிக்கூட நோட்டைத் திறந்தால் தயக்கம்.

ஆசிரியர் பற்றாக்குறை நமக்குப் புதுசு இல்லை. நம்ம திண்ணைப் பள்ளியில் ஒரே வாத்தியார். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக நின்று சின்னவர்களுக்கு எண்சுவடி சொல்லிக் கொடுக்கும். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

அது பழங்கதை என்றால், பக்கத்துக் கதையைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அதே ஊர்த் தன்னார்வலர்கள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். மொழிப் பாடத்தைவிடக் கணக்கில்தான் இழப்பு இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது.

அந்த வகுப்பை எடுத்தவர்கள் கணித மேதைகள் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காக்கள்தான்.

ஒரு விஷயத்தில் தெளிவாக இருப்போம். தன்னார்வலர் ஆசிரியருக்கு மாற்று ஆகிவிட மாட்டார். காலிப் பணியிடத்தைத் தன்னார்வலரை வைத்து மூடி மறைக்க யார் நினைத்தாலும், எந்த ஆட்சி என்று பார்க்காமல் கேள்வி கேட்கணும். ஆனால் போஸ்டிங் வருகிற வரைக்கும் பிள்ளையின் வயசு காத்திருக்காது.

ஒரு ஹேஷ்டேக்கை ஒரே மணி நேரத்தில் நாடு முழுக்கக் கொண்டுபோகிற ஆள்பலம் நம்மிடம் இருக்கு. அதில் பாதிப் பேர் என்னை மாதிரி இன்ஜினியரிங் முடித்தவர்கள். ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம் தோழர்களிடம் கேட்பது வாரத்தில் ரெண்டு சாயங்காலம்தான்.

✅ முதல் நாள் பாடம் எடுக்காதீங்க. பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோனது என்று பாருங்க. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதற்காகத்தான். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை நிற்கிற படியிலிருந்து தொடங்குங்க.

✅ விளக்குமாத்துக் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டுங்க. 5 கட்டு, 2 குச்சி. 27 எடுக்கணும் என்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆகணும். 4 கட்டு, 12 குச்சி. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றால் என்ன என்று பிள்ளையே சொல்லும். விடை 25.

✅ புரிந்த பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வையுங்க.

✅ பள்ளித் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்க. கட்சிக் கொடி, துண்டு எதுவும் வேண்டாம். அது பிள்ளைகள் இடம்.

உங்க தெருவில் திண்ணை இருக்கா? கமெண்ட்டில் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்க. ஒரே ஊர்த் தோழர்களை நாங்க இணைத்து வைக்கிறோம்.