முருங்கைக்காயனும் குறுக்கறுப்பனும்

முருங்கைக்காயன் என்பது ஒரு நெல்லின் பெயர். இன்று முள்ளியவளையிலே மாணவர் பத்துப்பேரை அழைத்து இப்பெயரைச் சொன்னால் எட்டுப்பேர் காய்கறிச் சந்தையையே நினைப்பர். ஆயினும் இலங்கையின் நெல் வரலாற்றிலே இப்பெயருக்குரிய இடம் பெரிது. 1952ஆம் ஆண்டிலே குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் நெல்லாராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்குள்ள அறிஞர் 'முருங்கைக்காயன் 302' என்ற நம் நாட்டு நெல்லை 'மாஸ்' என்ற இந்தோனேசிய நெல்லோடு கலந்து 'எச்-4' என்னும் புதிய இனத்தை ஆக்கினர். 1950களின் இறுதியிற் கமக்காரர் கைக்கு வந்த அந்நெல், பத்தாண்டு கழியுமுன்னரே நாட்டின் வயல்களிற் பெரும்பகுதியைத் தனதாக்கிக்கொண்டது. தாய் தந்தையரின் பெயரை மறந்து பிள்ளையின் பெயரை மாத்திரம் ஊர் நினைவில் வைத்திருப்பது போலாயிற்று.

இன்னொரு பெயரும் ஈண்டுச் சொல்லற்பாலது. பிலிப்பைன்சின் லோஸ் பான்யோசில் 1960இல் தொடங்கப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், 1970களிலே பல நாட்டு நெற்பயிர்களை நீருள் முழுவதும் அமிழ்த்தி, எவை பிழைக்கின்றன என்று பார்த்தனர். பிழைத்தவை மிகச் சில. ஒன்று ஒரிசாவிலிருந்து சென்ற 'எவ்.ஆர்.13ஏ'. வேறு மூன்று இலங்கையிலிருந்து சென்றவை: தவலு, கொட ஹீனட்டி, குறுக்கறுப்பன். றோமன் எழுத்திலே பதிவாகிக் கடல் கடந்த போதிலும், 'கறுப்பன்' என்று முடியும் பெயரைத் தமிழ்க் காது தவறவிடுமா?

இந்நெல்லினங்கள் நீரிற் பிழைப்பது எவ்வாறு என்பது மாணவர் அறிந்துகொள்ளத்தக்க செய்தி. வெள்ளத்தில் அமிழ்ந்த சாதாரண நெற்பயிர் மூச்சுக்காகத் தவித்து, நீர்மட்டத்துக்கு மேலே தலையை நீட்ட விரைந்து வளருகின்றது. சேமித்துவைத்த மாச்சத்தையெல்லாம் அவ்வளர்ச்சியிலே செலவழித்துவிடுகின்றது. வெள்ளம் வடியும்போது அதனிடம் உயிர்ப்பதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை, சரிந்து அழுகிவிடும். எவ்.ஆர்.13ஏயோ வளர்ச்சியை அடக்கி உறங்குவது போற் கிடக்கின்றது. ஏறத்தாழ இரண்டு வாரம் அவ்வாறு கிடந்து, நீர் வடிந்தபின் கையிருப்பைக்கொண்டு மீண்டும் துளிர்க்கின்றது. இக்குணத்துக்குரிய பரம்பரையலகு இன்னதென்று 2006இல் வெளியிடப்பட்டது. அதனை ஏற்ற 'சுவர்ணா' நெல் 2009 முதல் கிழக்கிந்திய மாநிலங்களிலே வெள்ளம் நிற்கும் வயல்களுக்குச் சென்றது. ஒரிசாவின் நெல் உலகப் புகழ் பெற்றது. குறுக்கறுப்பன் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

இதனை நான் இங்கிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டு ஆகிய பெருங்குளங்களின் வாய்க்கால் எட்டும் வயல்களுக்கு ஓரளவு காவல் உண்டு. வாய்க்கால் எட்டாத மானாவாரி நிலத்திலோ, ஆவணி புரட்டாசியிற் புழுதி விதைப்பாக நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்ப்பதே கமக்காரரின் தொழில். மழை பிந்தினால் முளை கருகும். முந்தி மிகுந்தால் இளம்பயிர் அமிழும். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறியது. 2025 நவம்பர் இறுதியிலே தித்வாப் புயல் நாடு முழுவதையுமே புரட்டியது. இரண்டும் வந்த காலத்தை நோக்குக: காலபோகப் பயிர் வயலில் நிற்கும் காலம். காலநிலை மாற்றம் என்ற சொற்றொடரை மாநாடுகளிற் கேட்டறியவேண்டிய நிலையில் எம்மவர் இல்லை.

காலத்தைப் பற்றிப் பேசும்போது பழைய நெல்லின் வேறொரு குணமும் நினைவுக்கு வருகின்றது. பழைய பெரும்போக நெல்லினங்கள் பலவும் பகலின் நீளத்தை அளந்து பூத்தவை. முன்னே விதைத்தாலும் சற்றுப் பின்னே விதைத்தாலும், பகல் குறுகும் பருவமறிந்து ஏறக்குறைய ஒரே காலத்திற் கதிர் தள்ளி, மழை ஓய்ந்த வெயிலிலே முற்றின. இக்காலத்துக் குறுவயது இனங்கள் பகலை அளப்பதில்லை. தம் வயதின் நாட்களையே எண்ணுகின்றன. மூன்று மாத நெல் மூன்று மாதத்தில் முற்றியே தீரும், அன்று அடைமழையாயினும். இதனால் அவ்வினங்கள் தீயவை என்று சொல்ல வரவில்லை. குறைந்த நீரில் விளைந்து கூடிய பலன் தருபவை அவையே. மழை முன்னரே நின்றுவிடும் ஆண்டில் எம்மைக் காப்பவையும் அவையே. பழமை பேசுவோர் இதனை மறந்துவிடலாகாது. ஆனால் கதிர் சாய்ந்து மணி முளைத்த வயலைத் தை மாதத்திற் பார்த்தவர்க்கு, நாள் எண்ணும் நெல்லும் பருவம் அறியும் நெல்லும் ஒரே வயலில் எவ்வெவ்வாறு நடக்கின்றன என்று ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எழாமற் போகாது.

அந்த ஒப்பீடு எங்கே நிகழவேண்டும் என்பதே என் கேள்வி. பத்தலகொடை இடைவலயத்தைச் சேர்ந்த இடம். அதன் மழையும் மண்ணும் வேறு. வன்னிப் பெருநிலத்துப் பரந்தனிலும் நெல்லாராய்ச்சி நிலையம் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. 1990இல் கிளிநொச்சியிலே தொடங்கி, போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, மீண்டு வந்தது அது. அறிவுக்குக் குறைவில்லை. எனினும் சமன் செய்து வரம்பு கட்டி நேரத்துக்கு நீர் பாய்ச்சிய பாத்தியிற் பெற்ற விளைச்சலை, நந்திக்கடல் ஓரத்து உவர் நிலத்துக்கு அவ்வாறே பொருத்திவிட முடியாது. ஆராய்ச்சி மானாவாரி வயலுக்குள்ளே இறங்கி, ஒரு போகமல்ல, நல்லதும் கெட்டதுமாகப் பல போகங்கள் அங்கே நிற்கவேண்டும்.

அவ்வாறு நின்று பாராமல் ஆணையிட்டதன் விளைவை 2021இல் நாடு கண்டது. அவ்வாண்டு வசந்தகாலத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. நவம்பரிலே தடை விலக்கப்பட்டது. நிலம் நீடித்து வாழவேண்டும் என்ற நோக்கத்தை யார் மறுப்பர்? கணக்கைத்தான் மறுக்க முடியாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றிலுள்ள 23 கிலோ நைதரசனைக் கூட்டெருவாக இடவேண்டுமாயின், ஏறத்தாழ ஒன்றரை முதல் 2.3 தொன் வரை தேவை. அதனை ஆக்குவதற்கு மாடு எங்கே, தழை எங்கே, சுமக்க ஆள் எங்கே? பத்தாம் வகுப்பு மாணவன் ஒரு பக்கத்திற் செய்து முடிக்கும் கணக்கு இது. 2022ஆம் ஆண்டு நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 42 பங்கு குறைந்ததென ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. மண்ணுக்கு இரசாயனத்தைப் படிப்படியாகக் குறைக்கும் வழிகள் உள. அவற்றைத் தேடும் ஆராய்ச்சியின் பெயரையே அந்த அவசர ஆணை கெடுத்துவிட்டது என்பதே என் பெரும் மனக்குறை.

விதை பற்றிய துயரம் இதனினும் ஆழமானது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் இப்பகுதி மக்கள் கொம்பறை நெல்லை விட்டுவிட்டு ஊர் பெயர்ந்தனர். கட்டிச் சென்ற விதைநெல்லை வழியிலே குற்றிக் கஞ்சி வைத்ததாக என்னிடம் சொன்னோர் உளர். செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பியவர்க்கு நிவாரணமாகக் கிடைத்த விதை வயலை நிரப்பியது. வீட்டு விதை திரும்பவில்லை. சிரியாவின் அலெப்போ நகருக்கருகில் இருந்த சர்வதேச விதை வங்கியும் போரிற் சிக்கியது. ஆனால் அவர்கள் முன்னரே பிரதிகளை நோர்வேயின் சுவல்பாட் பனிமலைக் களஞ்சியத்துக்கு அனுப்பியிருந்தமையால், 2015இல் அவற்றை மீளப்பெற்று லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்தனர். எம் வீட்டுக் கொம்பறைகளுக்குப் பிரதி எழுதி வைத்தவர் யார்?

ஓரளவுக்குக் கன்னொறுவையைச் சொல்லலாம். அங்கே 1988இல் சப்பானிய உதவியோடு அமைந்த பயிர் மரபுவள நிலையம், நாட்டின் பழைய நெல்லினங்களைக் குளிரறையிற் காத்துவருகின்றது. குளிரறை விதையின் உயிரைக் காக்கும். மாறிவரும் மழையை எதிர்த்துப் பழகும் வாய்ப்பை அதற்குத் தராது. தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய விதைகளை ஊரவர் கையிலேயே பேணச் செய்த முறை இவ்விடத்தில் எமக்குப் பொருந்தும்.

ஆகவே இவ்வூர் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லோஸ் பான்யோசு நிலையம் ஆராய்ச்சிக்கும் கல்விக்குமாக விதைகளைச் சிறு பொதிகளாக அனுப்பும் வழக்கமுடையது. கன்னொறுவையிலும் கேட்டுப் பார்க்கலாம். விவசாய பீடத்தின் வழியாக மனு எழுதிக் குறுக்கறுப்பனில் ஒரு பிடி, முருங்கைக்காயனில் ஒரு பிடி, பக்கத்தில் ஒப்பிட இன்று எம் வயல்களில் நிற்கும் மூன்று மாத நெல்லொன்று. பாத்தி பள்ளித் தோட்டத்தில் வேண்டாம். அயலிலுள்ள மானாவாரிக் கமக்காரர் ஒருவர் நீர் தேங்கும் பள்ளத்திலே கால் ஏக்கர் தந்தால் போதும். மாணவர் ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் வைத்து விதைத்த நாள், பெய்த மழை, நீர் நின்ற நாட்கள், பூத்த நாள் ஆகியவற்றை எழுதிவரட்டும். புழுதி விதைப்புக்கு முன்னே கமநல சேவை நிலையத்திற் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும்போது, அந்தக் கொப்பியையும் கொண்டுபோய் மேசையில் வைக்கலாம்.