வார் அவிழ்க்க ஓர் இடம்

நாய் வளர்க்கிறோம் என்று சொன்னதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அடுக்குமாடி வீட்டிலா? பாவம், அது எங்கே போய் ஓடும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. நம் ஊரில் வீட்டு வாசலைத் தாண்டினால் நாயின் கழுத்தில் வார் இருக்க வேண்டும். தாழ்வாரம், மின்தூக்கி, வெற்றுத் தளம், நடைபாதை, பூங்கா எதற்கும் விலக்கில்லை. நாய் எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் சட்டம் ஒன்றே. நான்கு காலும் தரையில் படாமல் பறந்தோடும் பிராணிக்கு, பொது இடத்தில் வாரைக் கழற்றிவிட நமக்கிருப்பது வேலியிட்ட 'டாக் ரன்' திடல்தான்.

எங்கள் வீட்டு நாய் உள்ளூர்க் கலப்பினம். வால் சுருண்டிருப்பதால் மகள் 'முறுக்கு' என்று பெயர் வைத்துவிட்டாள். வீவக வீடுகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றைத்தான் வளர்க்கலாம். தெருவில் பிறந்த கலப்பின நாய்களுக்கும் வீவக வீடுகளின் கதவு திறந்தது 2012ல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தால்தான். 2020ல் உயர வரம்பை 55 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். எடை வரம்பையும் நீக்கினார்கள். தத்தெடுப்பவருக்குப் பொறுப்புகளும் உண்டு. நாய்க்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பாக நடந்துகொள்வோம் என்று கையெழுத்தும் போட வேண்டும்.

அந்தக் கையெழுத்தின் கனம் எனக்கு நாய் வந்த மூன்றாம் வாரமே புரிந்தது. இரவு பத்து மணிக்கு மேல் முறுக்கு கூடத்துக்கும் அறைக்கும் மாறி மாறி ஓடும். நகங்கள் தரையில் படும் ஓசை கீழ்மாடிக்குக் கேட்டது. கீழ்வீட்டுச் சீன மூதாட்டி ஒருநாள் மின்தூக்கியில், "உங்கள் நாய்க்குத் தூக்கம் வராதா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? சிரிப்பு புகாராக மாறினால், புகார் இரண்டு மூன்றாகப் பெருகினால், ஏற்கெனவே ஒருமுறை வீடில்லாமல் இருந்த நாய் மறுபடியும் வீட்டை இழக்கலாம். ஓட இடம் தேடுவது பொழுதுபோக்கு அல்ல என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தேடத் தொடங்கியதும் முதலில் குறுக்கே நின்றது போக்குவரத்து. எங்களிடம் கார் இல்லை. வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களை எம்ஆர்டியிலோ பேருந்திலோ ஏற்ற முடியாது. டாக்சியில் ஏற்றுவது ஓட்டுநரின் விருப்பம். செல்லப்பிராணிகளுக்கென்றே வரும் தனியார் வாடகைக் கார்களுக்குக் கட்டணம் கூடுதல். வாரம் மூன்று முறை போய்வந்தால் மளிகைச் செலவை எட்டிவிடும். ஆகவே கார் இல்லாத குடும்பத்துக்கு நல்ல திடல் என்பதன் முதல் இலக்கணம், நடந்து போகும் தூரத்தில் இருப்பது. அரை மணி நேர நடைக்கு அப்பால் உள்ள அருமையான திடலைவிடப் பத்து நிமிடத்தில் உள்ள சுமாரான திடல் மேல். அருமையான இடத்துக்கு மாதம் ஒருமுறைதான் போவோம். நாய்க்கோ ஓட்டம் தினம் வேண்டும்.

நான் பார்த்த சில இடங்களைச் சொல்கிறேன். எங்களுக்குப் பக்கம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 62 ஹெக்டர் பரப்பு. கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை இயல்பான ஆறாக மாற்றி 2012ல் புதுப்பித்த இடம். திடலில் ஓடியது போக, திரும்பும் வழியில் ஆற்றங்கரையோரம் வாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம். ஆனால் அங்கே நீர்நாய்களும் நடமாடும். அவை கண்ணில் பட்டால் வாரைச் சுருக்கிப் பிடித்து விலகிப் போய்விடுங்கள். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் கடிக்கத் தயங்காது.

மேற்கே இருப்போருக்கு ஜூரோங் ஏரித் தோட்டத்திலும் வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் டாக் ரன் உண்டு. முன்னதில் ஏரிக்காற்று, பின்னதில் கடற்காற்று. புக்கிட் தீமா வட்டாரத்தில் தனிவீடுகளுக்கு நடுவே மேஃபேர் பூங்கா இருக்கிறது. கிழக்கே காத்தோங் பூங்கா. 1879ல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டை மண்ணுக்குள் புதைந்து கிடப்பது அங்கேதான். பழைய பீரங்கிக் கோட்டையின் பக்கத்தில் பூடில்கள் துரத்திப் பிடித்து விளையாடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். 2024ல் அந்தப் பூங்காவின் பெயரிலேயே எம்ஆர்டி நிலையம் திறந்தார்கள். ரயில் பூங்காவின் வாசல்வரை வருகிறது. நாய்க்குத்தான் டிக்கெட் இல்லை.

இடம் தெரிந்துவிட்டால் உடனே நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முதல்முறை நாய் இல்லாமல் போங்கள். வாரநாள் காலை ஒருதடவை, சனிக்கிழமை மாலை ஒருதடவை. வேலிக்கு வெளியே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெண் பார்க்கப் போவதுபோலத்தான். புகைப்படத்தில் எல்லாத் திடலும் அழகு.

பார்க்க வேண்டியவை இவை. முதலாவது, இரட்டைக் கதவு. வெளிக்கதவைத் திறந்து, உள்ளே வந்து, அதை மூடிவிட்டுப் பிறகு உட்கதவைத் திறக்கும்படி இருந்தால் ஓர் நாய் நுழையும்போது இன்னொன்று நழுவி வெளியே ஓடாது. இரண்டாவது, வேலியின் அடிப்பகுதி. சிறிய நாய் புகுந்து போகும் அளவுக்கு மண் அரித்திருக்கிறதா என்று சுற்றிவந்து பாருங்கள். மூன்றாவது, சிறிய நாய்களுக்குத் தனிப்பகுதி. முப்பது கிலோ நாய் விளையாட்டாக மோதினாலே மூன்று கிலோ நாய்க்கு எலும்பு முறியலாம். நான்காவது, நிழலும் தண்ணீர்க் குழாயும். ஐந்தாவது, மழைக்கு மறுநாள் தரை எப்படி இருக்கிறது என்பது. நம் ஊரில் மழை பெய்யாத வாரம் ஏது? நீர் வடியாத திடலுக்குப் போய்வந்தால், ஓடிய நேரத்தைவிடக் குளிப்பாட்டும் நேரம் அதிகமாகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அங்கு வரும் மனிதர்கள். உரிமையாளர்கள் தங்கள் நாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? கழிவைக் கேட்காமலே எடுக்கிறார்களா? ஒரு நாய் எல்லை மீறினால் அழைத்து அடக்குகிறார்களா, "அவன் விளையாடுகிறான்" என்று சிரிக்கிறார்களா? புல் சுமாராக இருந்தாலும் ஆட்கள் பொறுப்பாக இருந்தால் அந்தத் திடலுக்கு நம்பிப் போகலாம். மறுபக்கம் என்றால் போக வேண்டாம்.

விளையாட்டு எது, வம்பு எது என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியைத் திடல் வாசலிலேயே விட்டுவிடுங்கள். குரைக்கிற நாயும் கடிக்கும். வாலாட்டினால் நட்பு என்பதும் பாதி உண்மைதான். உடம்பு இறுகி, வால் நிமிர்ந்து விறைப்பாக ஆடினால் அது எச்சரிக்கையாக இருக்கலாம். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தினால் அது 'வா, விளையாடலாம்' என்ற அழைப்பு. நல்ல விளையாட்டில் துரத்துபவரும் ஓடுபவரும் மாறி மாறி வருவார்கள். நடுநடுவே நின்று மூச்சு வாங்குவார்கள். ஒரே நாய் எப்போதும் துரத்தப்பட்டு, வாலைக் கால்களுக்கிடையே சொருகிக்கொண்டு ஓடினால் விளையாட்டு முடிந்துவிட்டது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் துரத்தும் நாயைச் சற்று நேரம் பிடித்து நிறுத்துங்கள். ஓடிய நாய் தானாகத் திரும்பி வந்தால் அது விளையாட்டு. விலகிப் போனால் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கிளம்புமுன் வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் குறைவு. தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் திடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் பார்வோ கிருமி மண்ணில் நெடுநாள் உயிரோடு இருக்கும். உண்ணிக் காய்ச்சலும் நம் புல்வெளிகளில் சாதாரணம். திடலிலிருந்து திரும்பியதும் காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று விரலால் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டில் பல் துலக்குவது மாதிரி தினசரி வேலை. உண்ணி மருந்து எதைக் கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தின்பண்டத்தையும் அதற்குப் பிடித்த பந்தையும் திடலுக்குள் கொண்டுபோக வேண்டாம். பாதிச் சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் நண்பகல் நாய்க்கு ஆபத்து. புறங்கையை நடைபாதையில் வைத்துப் பாருங்கள். ஏழு வினாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுவிடுவதே சிரமம் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். காலை எட்டரைக்குள் அல்லது மாலை ஆறரைக்கு மேல் போவது எங்கள் வழக்கம். ஓயாமல் இரைத்து, எச்சில் கெட்டியாக வழிந்து, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர்ந்த நீரால் நனைத்துவிட்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

நடக்கும் தூரத்தில் டாக் ரன்னே இல்லாத பேட்டைகள் நிறைய உண்டு. அங்கிருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். தீவு முழுக்க 300 கிலோமீட்டருக்கும் மேல் பூங்கா இணைப்புப் பாதைகள் இருக்கின்றன. வாரோடுதான் நடக்க வேண்டும். ஆனால் நாயை அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு புல்லையும் மோந்து பார்க்க விட்டால் நாற்பது நிமிடத்தில் களைத்துவிடும். நமக்கு நாளிதழ் படிப்பது எப்படியோ அப்படித்தான் அதற்கு மோப்பம். மிதிவண்டிகள் வரும் பாதையில் வாரைக் குட்டையாகப் பிடியுங்கள். மணிக்கணக்கில் முன்பதிவு செய்யும் தனியார் திடல்களும் உண்டு. கூச்ச சுபாவமுள்ள, மற்ற நாய்களைக் கண்டு மிரளும் நாய்களுக்குக் கூட்டமான பொதுத் திடலைவிட அது நல்லது. நாலைந்து குடும்பங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால் கட்டணமும் கைக்கு அடங்கும்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. திடலுக்குப் போகும் வழி எல்லோருடைய வழி. நாய்க்குப் பயப்படுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். என் மாமியாரே முதல் ஆறு மாதம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவார். பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு நாயின் ஈர மூக்கு பட்டால் கழுவித் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். அதனால் மின்தூக்கியில் அவர் இருந்தால் நாங்கள் அடுத்த நடைக்குக் காத்திருப்போம். அவரும் எங்களைப் பார்த்தால் கதவருகே நின்று, "முறுக்கு நலமா?" என்று தூரத்திலிருந்தே விசாரிப்பார். "ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே நாயை நெருங்கவிடுவதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. பயம் அவருடையது, அதை அளக்க நாம் யார்?

பொதுத் திடல்கள் வரிப்பணத்தில் நடப்பவை. நாய் வளர்க்காதவரும் அதற்குப் பணம் கொடுக்கிறார். நம் பேட்டைக்கு இன்னொன்று வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் போய்க் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்ப்பது நாம் எழுதும் மனுவைவிட, நாம் விட்டுச்செல்லும் நடைபாதையின் சுத்தம்தான்.

கீழ்வீட்டு மூதாட்டி இப்போது இரவில் ஓசை கேட்பதில்லை என்கிறார். மாலையில் இருபது நிமிடம் தலைதெறிக்க ஓடிய நாய் ஒன்பது மணிக்கெல்லாம் சுருண்டு படுத்துவிடுகிறது. இந்த வாரக் கடைசியில் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால், நாயை வீட்டில் விட்டுவிட்டு, உங்களுக்கு மிக அருகில் உள்ள திடலை ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.