உறைந்த ஏரியிடம் கேட்க வேண்டிய கேள்வி



கிண்டியில் வசிக்கும் நமக்கும் உறைந்த ஏரிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ்தான். நமக்குத் தெரிந்த பனிக்கட்டியெல்லாம் மீன் கடைக்கு வரும் ஐஸ் பாரும், குளிர்பதனப் பெட்டியின் ஐஸ் தட்டும்தான்.

ஆனால் காலம் மாறி வருகிறது. உத்தரகண்ட் மாநிலத்தில் பிரம்மதால் என்றொரு மலை ஏரி உண்டு. குளிர்காலத்தில் அது உறைந்துவிடும். அதைக் காண்பதற்கென்றே டிசம்பரிலும் ஜனவரியிலும் வெண்பனியில் நடந்து செல்கிறார்கள். சென்னைக் கல்லூரி மாணவர்களும் இத்தகைய பயணங்களுக்குப் போகிறார்கள். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் நாளை போகக்கூடும். போக வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் பள்ளியில் படித்த இயற்பியலையும் உடன் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 2023 பிப்ரவரி 20 அன்று லடாக்கின் பாங்காங் ஏரியில், உறைந்த நீர்ப்பரப்பின் மேலேயே 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்தின் சேலா ஏரியில் சுற்றுலாப் பயணிகள் சிலர் பனிக்கட்டியின் மேல் நடந்தார்கள். அது உடைந்து குளிர்ந்த நீரில் விழுந்தார்கள். மற்றவர்கள் உதவியால் கரையேறினார்கள். இரண்டும் உறைந்த ஏரிகள்தாம். "ஏரி உறைந்திருக்கிறதா?" என்று கேட்டால் இரண்டுக்கும் "ஆம்" என்பதே பதில். அப்படியானால் அந்தக் கேள்வி போதாது. "எவ்வளவு தடிமன்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நம் பாடம் என்ன சொல்கிறது? நீரின் அடர்த்தி 4 பாகையில் மிக அதிகம். எனவே ஏரி மேலிருந்து உறைகிறது. அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. இதை எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் இந்தப் பாடத்தைக் கொண்டு நம் நாட்டின் ஏரி ஒன்றை நாம் பார்க்கிறோமா? ஜனவரி விடியற்காலையில் உதகையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அருகிலுள்ள ஏரி உறைவதில்லை. ஏன்? மெல்லிய புல்லிதழ் தன் வெப்பத்தைத் தெளிந்த வானத்துக்கு விரைவில் இழந்துவிடும். ஏரியிலோ, குளிர்ந்த மேல்நீர் அடர்த்தி கூடிக் கீழே இறங்கும். வெதுவெதுப்பான நீர் மேலே வரும். நீர் முழுவதும் 4 பாகைக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு தனியே குளிர்ந்து உறைய முடியும். அதற்குள் உதகையில் சூரியன் உதித்துவிடுகிறது!

இனி, உறையத் தொடங்கிய ஏரிக்கு வருவோம். புதிதாக உண்டாகும் பனிக்கட்டி, பழைய பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில்தான் சேர்கிறது. அங்கே நீர் உறையும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம், பனிக்கட்டியின் வழியாக மேலே வெளியேற வேண்டும். தடிமன் கூடக்கூட அந்த வழி நீள்கிறது, உறைதல் மந்தமாகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பு சுழிக்குக் கீழே 10 பாகையிலேயே ஓயாமல் இருப்பதாக வைத்துக்கொண்டால், முதல் நாளில் சுமார் 11 செ.மீ. தடிமன் உண்டாகும் என்று கணக்கு சொல்கிறது. தடிமன் இரு மடங்காக, இரண்டு நாள் அல்ல, நான்கு நாள் வேண்டும்.

இப்போது அதன் மேல் 10 செ.மீ. வெண்பனி பெய்துவிட்டது என்று வையுங்கள். வெண்பனிக்குள் நிறையக் காற்று அடைபட்டிருக்கிறது. அது கம்பளிப் போர்வை போன்றது. அதே குளிரில் அந்தப் போர்வைக்கு அடியில் ஒரு நாளில் சேரும் பனிக்கட்டி 3 மில்லிமீட்டருக்கும் குறைவே! வெள்ளை வெளேரென்று வெண்பனி மூடிய ஏரி நமக்கு மிக உறுதியாகத் தோன்றுகிறது. உண்மையில் அதுதான் அதிக ஐயத்துக்குரியது.

வெண்பனியில் நடக்க ஸ்நோஷூ என்ற அகன்ற சட்டத்தைக் காலணிக்கு அடியில் கட்டிக்கொள்வார்கள். 50 கிலோகிராம் எடையுள்ள நீங்கள் 200 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு காலணியில் நின்றால், ஒரு சதுர செ.மீ.மீது கால் கிலோ எடை அழுத்தும். 1,000 சதுர செ.மீ. பரப்புள்ள ஸ்நோஷூவில் நின்றால் அது ஐந்தில் ஒரு பங்காகும்; கால் புதையாது. ஆனால் கவனியுங்கள்: ஸ்நோஷூ அழுத்தத்தைத்தான் குறைக்கிறது, எடையைக் குறைப்பதில்லை. மெல்லிய பனிக்கட்டித் தகட்டை வளைத்து உடைப்பது உங்கள் மொத்த எடை. ஸ்நோஷூ தேவைப்படும் அளவுக்கு வெண்பனி இருக்கும் இடத்தில்தான் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கவும் கூடும்.

ஆர்க்கிமிடிஸ் தத்துவமும் இங்கே வேலை செய்கிறது. 10 செ.மீ. தடிமனுள்ள பனிக்கட்டி, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ சுமை ஏறினாலே நீர்மட்டத்துக்குக் கீழே அமிழத் தொடங்கும். சற்று இறுகிய வெண்பனி 5 செ.மீ. இருந்தால் அந்தச் சுமை வந்துவிடும். அப்போது விரிசல்களின் வழியே நீர் ஏறி, வெண்பனிக்கு அடியில் குழம்பாகத் தேங்கும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

தெளிந்த, புதிய பனிக்கட்டி 10 செ.மீ. இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது குளிர்நாடுகளில் உள்ள பொது விதி. வெளிறிய பனிக்கட்டிக்கு அந்த வலிமை கிடையாது. ஓடை வந்து சேரும் இடத்திலும், ஏரி வழிந்து வெளியேறும் இடத்திலும் தடிமன் குறைவாக இருக்கும். ஆகவே துளையிட்டு அளக்காத பனிக்கட்டியில் கால் வைக்காதீர்கள். "இன்று ஏரியில் இறங்க வேண்டாம்" என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னால் வாதாடாதீர்கள். பல குளிர்காலங்களாக அவர் கண்டறிந்ததும் அறிவியல்தான். அருகில் ஒருவர் விழுந்துவிட்டால் ஓடிப்போகாமல் படுத்துக்கொண்டு கயிற்றை எறியுங்கள். படுக்கும்போது எடை அகன்ற பரப்பில் பரவுகிறது அல்லவா?

"இமயமலைக்குப் போகாதவனுக்கு இதனால் என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். கிண்டியிலிருந்து சற்றுத் தூரம் போனால் பெசன்ட் நகர் கடற்கரை. அங்கே அலை உடையும் இரு இடங்களுக்கு நடுவே நீர் அமைதியாகத் தெரிந்தால், அதுவே பாதுகாப்பான இடம் என்று இறங்குகிறோம். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வழி பெரும்பாலும் அதுதான். அமைதியான கடலும் வெண்மையான ஏரியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: பார்வைக்குப் பாதுகாப்பு என்பது அளவீடு ஆகாது.

என் கருத்து இதுதான். "ஏரி ஏன் மேலிருந்து உறைகிறது?" என்ற வினாவோடு நம் பாடங்கள் நின்றுவிடக் கூடாது. "எவ்வளவு உறைந்திருக்கும்? எவ்வளவு தாங்கும்?" என்றும் கேட்க வேண்டும். முதல் வினா மதிப்பெண் தரும்; அடுத்த இரண்டும் உயிரைக் காக்கும்.

ஆசிரியர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களில் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். இரண்டின் அடியையும் பக்கங்களையும் தெர்மோகோலால் மூடுங்கள். ஒன்றின் வாயை மட்டும் பஞ்சால் போர்த்தி, இரண்டையும் உறைபெட்டியில் வையுங்கள். சில மணி நேரம் கழித்து எடுத்து, பனிக்கட்டியின் தடிமனை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெண்பனி மூடிய ஏரியைப் பற்றி நான் சொன்னது சரியா என்று அந்த எண்களே உங்களுக்குச் சொல்லும்.