விடுப்பு முதலாளியின் தயவன்று

யாழ்ப்பாணத்தில் தாயார் கடும் நோயுற்று வைத்தியசாலையில் இருக்கின்றார் என்ற தொலைபேசிச் செய்தி நள்ளிரவில் வருகின்றது. மொன்றியலில் வாழும் மகனின் மனதில் தாயின் முகத்துடன் கூடவே எழும் கேள்வி, "வேலையிடத்தில் என்ன சொல்வார்களோ?" என்பதாகும். சிலர் வேலையையே விட்டுவிட்டுப் புறப்படுகின்றனர். வேறு சிலர் வேலை போய்விடும் என்று அஞ்சி இங்கேயே இருந்துவிட்டு, பின்னர் வாழ்நாள் முழுவதும் வருந்துகின்றனர். சட்டத்தை அறிந்திருந்தால் இவ்விரு துன்பங்களையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். வேலையைக் காக்கும் சட்டம் வேறு. பணம் தரும் திட்டம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே தமிழர் பலர் தமது உரிமையை இழப்பதற்குக் காரணமாகின்றது.

வேலையைக் காப்பது கியூபெக் மாகாணத்தின் தொழில் நியமச் சட்டம். பெற்றார், வாழ்க்கைத்துணை, உடன்பிறந்தார், பாட்டன் பாட்டி, மாமனார் மாமியார் போன்றோர் கடும் நோயுற்றோ விபத்துக்குள்ளாகியோ இருக்க, ஊழியர் அவர்களுடன் இருக்க வேண்டிய நிலையில், 12 மாதங்களுள் 16 வாரங்கள் வரை விடுப்புப் பெறலாம். நோயுற்றவர் பராயமடையாத பிள்ளையாயின் அது 36 வாரங்கள். தமது சொந்த நோய்க்கு 26 வாரங்கள். இவற்றுக்கு இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. காரணத்தை இயன்றளவு விரைவாக வேலைகொள்வோருக்கு அறிவித்தல் வேண்டும். இவை சம்பளமற்ற விடுப்புகள். மூன்று மாத சேவை முடித்தோருக்கு மட்டும், நோய்க்கும் குடும்பக் கடமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு இரு நாட்கள் சம்பளத்துடன் உண்டு. வங்கி, விமான சேவை, தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் பணிபுரிவோருக்குப் பொருந்துவது மத்திய அரசின் தொழிற்சட்டமாகும்.

பணம் தருவது, மொன்றியலில் 'சோமாஜ்' என வழங்கும் மத்திய அரசின் வேலைக் காப்புறுதி. இதற்குப் பொதுவாக முந்திய 52 வாரங்களுள் 600 மணித்தியாலங்கள் காப்புறுதிக்குட்பட்ட வேலை செய்திருத்தல் வேண்டும். உயிராபத்தான நிலையிலுள்ள வயதுவந்தவரைப் பராமரிக்க 15 வாரங்களும், இறுதிக் காலத்தை எட்டியவரைப் பராமரிக்க 26 வாரங்களும் கொடுப்பனவு உண்டு. அது வழமையாகச் சராசரி வார வருமானத்தின் 55 வீதம், ஓர் உச்சவரம்புக்குட்பட்டது. நோயுற்றவர் கனடாவில் வாழ வேண்டும் என்பதில்லை; அவருக்குச் சிகிச்சையளிக்கும் அந்நாட்டு வைத்தியரின் சான்றிதழ் போதும். யாழ்ப்பாணத்திலுள்ள தாயாருக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறியார்.

600 மணித்தியாலங்கள் இல்லாதவருக்குப் பணம் கிடைக்காமற் போகலாம். ஆனால் விடுப்பு உரிமை அதனால் போய்விடாது.

இங்கேதான் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். வரி மிச்சம் என்றெண்ணி, சம்பளச் சிட்டை இன்றிக் கையிற் காசாக ஊதியம் பெறுவோர், பதிவில் ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்யாதவராகவே இருக்கின்றனர். நோய் வரும் நாளில் அவர்களால் எதையும் காட்ட முடியாது. 2006 முதல் நடைமுறையிலுள்ள கியூபெக் பெற்றோர் காப்புறுதியும் 2000 டொலர் காப்புறுதிக்குட்பட்ட வருமானத்தைக் கோருகின்றது. இன்று மிச்சம் பிடித்ததாக எண்ணும் சில டொலர்கள், நாளை பல வாரங்களின் வருமானத்தைப் பறித்துவிடும்.

விடுப்பு எடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்குவதோ வேறு வகையில் தண்டிப்பதோ சட்டவிரோதமாகும். பாதிக்கப்பட்டவர் 45 நாட்களுக்குள் சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி. என்னும் மாகாண ஆணைக்குழுவிடம் முறையிடலாம். "வாதாடி என்ன பயன்?" என்று தயங்கியிருக்க அந்த 45 நாட்களும் கழிந்துவிடுகின்றன.

பிரெஞ்சுப் பாடசாலைகளிற் கற்ற இளையோரின் கடமை இங்கேதான் தொடங்குகின்றது. பெற்றாருக்குத் தொலைக்காட்சியைச் சரிசெய்து கொடுக்கும் பிள்ளை, ஒரு மாலைப்பொழுதில் அவர்களின் சம்பளச் சிட்டையையும் வாங்கிப் பார்க்கட்டும், மணித்தியாலங்களை எண்ணட்டும், சட்டத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். நள்ளிரவுத் தொலைபேசி ஒலிப்பதற்கு முன்னரே இதைச் செய்துவிடுதல் நன்று.